ராட்சத ரோபோ படங்களுக்கு ‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ பாணி ஒத்துவருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோபோ படங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இந்த யோசனையைக் கிளப்பிவிடுவார்: “டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையை, தெருவில் நிற்கிற ஒரு சாதாரண ஆள் போனில் எடுத்த மாதிரி எடுத்தா எப்படி இருக்கும்?” கேட்டவுடனே நன்றாகத்தான் இருக்கிறது. எங்கே இடிக்கிறது என்பது கொஞ்சம் யோசித்தால்தான் தெரியும். வழக்கமாக வரும் கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். முடிவு தெரிந்துவிடுமே என்று பயப்படுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சில பழைய படங்களின் முக்கியக் காட்சிகள் கீழே வருகின்றன.

ஃபவுண்ட் ஃபுட்டேஜ் என்றால் எதெல்லாம் சேரும்?

கதைக்குள்ளேயே இருக்கும் ஒரு கேமரா பிடித்தது மட்டும்தான் திரையில் வரும். அந்தப் பதிவு பிற்பாடு யார் கையிலோ சிக்கியிருக்கிறது என்பது பாவனை. 1980-ல் வந்த ‘கேனிபல் ஹோலகாஸ்ட்’ என்ற இத்தாலியப் படத்தைத்தான் இதற்கு முன்னோடி என்பார்கள். நடிகர்களை நிஜமாகவே கொன்றுவிட்டார்களோ என்று சந்தேகம் கிளம்பி, அவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று இயக்குநர் ருஜ்ஜெரோ டெயோடாட்டோ நிரூபிக்க வேண்டியதாயிற்று. 1999-ல் ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ சொற்பச் செலவில் எடுக்கப்பட்டு உலகம் முழுக்க சுமார் 25 கோடி டாலர் அள்ளிய பிறகு எல்லோரும் கேமராவும் கையுமாகக் காட்டுக்குள் ஓட ஆரம்பித்தார்கள்.

கேமரா ஆடினால் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அதைப் பிடித்திருக்கும் ஆள் கதைக்குள் இருக்க வேண்டும். அவருக்கு அடிபட வேண்டும், அவர் சாகவும் செய்யலாம். டிவி செய்தி, சிசிடிவி, நேர்காணல் எல்லாவற்றையும் கலந்து ஆவணப்படம் போலப் பாசாங்கு செய்வது இதற்குப் பங்காளி முறை. இங்கே இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஒத்துவருமா, வராதா?

ஒரு காட்சிக்கு வரும். டீசருக்குப் பிரமாதமாக வரும். சரியான ஆள் கையில் கிடைத்தால் ஒரு தனிக் கிளைப்படத்துக்கும் வரும். ஒரு தொடருக்கே முதுகெலும்பாக வைத்தால் வராது.

‘குளோவர்ஃபீல்ட்’ படத்தில் எடுபட்டதே?

எடுபட்டது, சந்தேகமே இல்லை. 2008 ஜனவரியில் வந்த படம். மேட் ரீவ்ஸ் இயக்கம், ஜே.ஜே. ஆப்ரம்ஸ் தயாரிப்பு. நியூயார்க்கில் நண்பனை வழியனுப்பும் விருந்தை வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவன், ஊரே இடிந்து விழும்போதும் கேமராவை அணைக்காமல் ஓடுகிறான். சுதந்திர தேவி சிலையின் தலை தெருவில் வந்து உருண்டு நிற்கும். சுற்றி நிற்பவர்கள் உடனே போனை எடுத்து அதைப் படம் பிடிப்பார்கள். ஐபோன் கடைக்கு வந்து ஓர் ஆண்டுகூட ஆகாத காலத்தில் மனுஷங்களை இவ்வளவு சரியாகக் கணித்திருக்கிறார்களே என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கும்.

ஆனால் அதில் வருவது ரோபோ இல்லை, மிருகம். வித்தியாசம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. மிருகம் மறைந்திருக்கும் வரைதான் பயம். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் ஒரு கால், தூசிக்குள் ஒரு முதுகு, அவ்வளவு போதும்; மிச்சத்தை நம் வயிறே கற்பனை செய்துகொள்ளும். ரோபோவை யாரும் அப்படிப் பார்க்கப் போவதில்லை. அதன் நிறம், தோள்பட்டையின் வடிவம், எந்தக் கதவு எங்கே மடிந்து மார்பாக மாறுகிறது, கண் எப்போது எரிகிறது என்று பார்க்கத்தான் காசு கொடுத்து வருகிறோம். காராகவும் ரோபோவாகவும் மாறும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பிறந்ததே 1984-ல், பொம்மையாக. ஜப்பானின் டகாரா நிறுவனம் செய்த பொம்மைகளை ஹாஸ்ப்ரோ வாங்கிப் பெயர் மாற்றி அமெரிக்காவில் விற்றது. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்கென்றே உண்டான ஒன்றைத் தூசிக்குள் ஒளித்து வைத்தால் ரசிகனுக்குக் கோபம்தான் வரும்.

இன்னொன்று. மிருகத்துக்கும் கேமரா பிடிப்பவனுக்கும் எந்த உறவும் தேவையில்லை. ஓடினால் போதும். ரோபோ படத்தில் ரோபோவோ, அதற்குள் உட்கார்ந்து ஓட்டுபவரோதான் நாயகன். தெருவில் நிற்கும் கேமராவுக்கு அந்த நாயகன் வழிப்போக்கன். டிரான்ஸ்ஃபார்மர்ஸின் தலைவன் ஆப்டிமஸ் பிரைம் ஏன் ஒரு பாலத்தைத் தாங்கிப் பிடித்தான், எதற்குத் தயங்கினான் என்று கீழே நிற்பவனுக்குத் தெரிய வழியே இல்லை. கதையின் பாதி அந்த இடத்திலேயே போய்விடுகிறது.

ஆனால் பிரம்மாண்டத்தைக் காட்டுவதற்குத் தரையிலிருந்து பார்க்கும் கேமராவைவிட வேறென்ன இருக்கிறது?

இதில் மட்டும் எதிர்த்தரப்பு சொல்வது முழுக்கச் சரி.

ராட்சத ரோபோ படங்களின் பழைய வியாதி இது: கேமராவும் ரோபோவின் மார்பு உயரத்தில் பறந்துகொண்டிருக்கும். இரண்டு பேரும் ஒரே உயரம், பின்னால் கட்டடங்கள் இடுப்பளவு. கொஞ்ச நேரத்தில் சாதாரண உடம்புள்ள இரண்டு பேர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் சண்டை போடுவது போல ஆகிவிடும். ‘பசிஃபிக் ரிம்’ படத்தில் வரும் ஜிப்ஸி டேஞ்சர் என்ற ரோபோ ஏறக்குறைய 79 மீட்டர் உயரம். கீழே ஒரு மனிதத் தலை தெரியும்போதுதான் அந்த உயரம் உறைக்கிறது. அந்தப் படத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி, நாயகி மாகோ சிறுமியாக டோக்கியோ தெருவில் கையில் ஒற்றைச் சிவப்புச் செருப்போடு அழுதுகொண்டே நடப்பது. கேமரா அவள் உயரத்துக்கு இறங்கியிருக்கும். அது கைகேமராப் பதிவே இல்லை, நினைவுக் காட்சி. ஆனால் ஃபவுண்ட் ஃபுட்டேஜ் ரசிகர்கள் கேட்பது எதுவோ அது அங்கே இருக்கிறது.

சத்தத்தை இன்னும் யாரும் ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஒரு விண்கல் வெடித்தது. சுமார் 20 மீட்டர் குறுக்களவு. ‘கண்டம்’ (Gundam) என்ற ஜப்பானிய ரோபோத் தொடரில் வரும் 18 மீட்டர் உயரமுள்ள முதல் ரோபோவைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். உலகம் அதைப் பார்த்தது முக்கால்வாசி கார்களின் டேஷ்கேம் வழியாக. அந்த வீடியோக்களை இப்போது போட்டுப் பாருங்கள். கண் கூசும் வெளிச்சம் வந்து போகும். பிறகு எதுவுமே நடக்காது. ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், கார் சிக்னலில் நிற்கும். நகரத்துக்கு அதிர்வலை வந்து சேர இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஆனது. அதற்குள் என்ன வெளிச்சம் என்று பார்க்க ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றவர்கள் மேல் கண்ணாடி சிதறியது. காயமடைந்தவர்கள் ஏறக்குறைய 1,500 பேர்.

எந்த ரோபோ படத்திலாவது இந்த இடைவெளியைக் கேட்டிருக்கிறீர்களா? ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். ஒரு கிலோமீட்டர் தள்ளி ரோபோ காலை ஊன்றினால் மூன்று நொடி கழித்துத்தான் சத்தம் வர வேண்டும். பெரிய படங்களில் கால் பட்ட அதே கணத்தில் தியேட்டர் அதிரும், ஏனென்றால் அங்கே கேமராவுக்குக் காது தனியாகப் போய்விடுகிறது. கதைக்குள் இருக்கும் கேமராவில் மைக்கும் அங்கேயேதான் இருக்கும். கால் இறங்குவதை மௌனமாகப் பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, அதற்குப் பிறகு இடி. அளவைக் காட்ட இதைவிட மலிவான, நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

யார் படம் பிடிக்கிறார்கள்? ஏன் கேமராவைக் கீழே போட்டுவிட்டு ஓடவில்லை?

இந்த வகைப் படங்களின் தலைவலிக் கேள்வி. நல்ல படங்கள் பதிலை முதலிலேயே கட்டிவைத்துவிடும்.

2010-ல் வந்த நார்வே படமான ‘ட்ரோல்ஹன்டர்’ அப்படி. கல்லூரி மாணவர்கள் ஆவணப்படம் எடுக்கிறார்கள். அவர்கள் பின்தொடரும் ட்ரோல் (மலை ராட்சதன்) வேட்டைக்காரர் அரசாங்கத்தின் மேல் இருக்கும் கடுப்பில் எல்லாவற்றையும் படம் எடுக்க விட்டுவிடுகிறார். ஆக, கேமரா ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. மலைமேல் போகிற உயர்மின் அழுத்தக் கம்பிகள் எல்லாம் ராட்சதர்களை அடைத்துவைக்கும் வேலி என்று ஓர் இடத்தில் சொல்வார்கள். ஊர்ப்பக்கம் போகும்போது மின்கோபுரத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் அது ஞாபகம் வரும். 2012-ன் ‘க்ரானிக்கிள்’ வேறு வழியில் போனது: பொருட்களை மனதால் நகர்த்தும் சக்தி கிடைத்த பையன் கேமராவையே அந்தரத்தில் மிதக்கவிடுகிறான். கை ஆடும் தொல்லை அத்தோடு தீர்ந்தது.

ராட்சத ரோபோ படத்தில் இந்தக் கேள்வி இன்னும் மோசமாகக் கடிக்கும். பேய்ப் படத்தில் பேய் வீட்டுக்குள் இருக்கிறது, கேமராவும் வீட்டுக்குள் இருக்கிறது. ரோபோ ஓர் அடி வைத்தால் நாலு தெரு தாண்டிவிடும். கேமராக்காரன் மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சேர்வதற்குள் சண்டையே முடிந்திருக்கும். அவன் எப்போதும் சரியான இடத்தில் நிற்கிறான் என்றால் நம்பிக்கை போகும்; தவறான இடத்தில் நிற்கிறான் என்றால் படம் போகும்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் இதை முயன்றதே இல்லையா?

முயன்றிருக்கிறது, அதுவும் நன்றாகவே. ஆனால் படத்தில் அல்ல, விளம்பரத்தில்.

முதல் படத்துக்கு 2006-ல் வந்த டீசரை நினைவிருக்கிறதா? செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பீகிள் 2 கலத்தின் கேமரா வழியாக நாம் பார்க்கிறோம். செம்மண், வெறுமை. ஒரு நிழல் விழுகிறது. ஒரு அடி. சிக்னல் போச்சு. ரோபோ முழுசாகத் தெரிவதே இல்லை. இதில் அழகு என்னவென்றால் பீகிள் 2 நிஜம். ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸோடு போன பிரிட்டிஷ் கலம். 2003 கிறிஸ்துமஸ் அன்று இறங்கியிருக்க வேண்டியது, ஒரு பீப் சத்தம்கூட வரவில்லை. என்ன ஆனதென்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்த ஓட்டைக்குள் ஒரு ரோபோவை நுழைத்துவிட்டார்கள். (2015-ல் செவ்வாயைச் சுற்றும் நாசா கலத்தின் படங்களில் பீகிள் 2 கண்டுபிடிக்கப்பட்டது. பத்திரமாகத்தான் இறங்கியிருந்தது, சோலார் தகடுகள் முழுதாக விரியாததால் ஆண்டெனா வெளியே வர முடியவில்லை. பாவம், ரோபோ மேல் வீண் பழி.)

மூன்றாம் படத்துக்கும் அதே தந்திரம். 1969-ன் அப்போலோ 11 நிலவுப் பயணத்தைப் பழைய ஒளிபரப்பு போலவே காட்டி, ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் ரகசியமாக ஒரு விண்கலச் சிதைவுக்குள் நுழைவதாக டீசர் வந்தது. பஸ் ஆல்ட்ரின் அந்தப் படத்திலேயே பஸ் ஆல்ட்ரினாகவே வந்து ஆப்டிமஸைச் சந்திப்பார்.

இரண்டிலும் கவனியுங்கள்: நமக்கு ஏற்கெனவே தெரிந்த உண்மையான பதிவு, அதில் ஓர் இடைவெளி, அந்த இடைவெளிக்குள் இயந்திரம். இரண்டு மூன்று நிமிடம் இது தாங்கும். படத்துக்குள் போனதும் இயக்குநர் மைக்கேல் பே தன் வழக்கமான சுழலும் கேமராவுக்குத் திரும்பிவிட்டார்.

சுவையான உபரித் தகவல்: பெயரே போடாமல் தேதி மட்டும் போட்டு வந்த ‘குளோவர்ஃபீல்ட்’ டீசர் முதலில் திரையிடப்பட்டது 2007 ஜூலையில், டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்துக்கு முன்னால்தான். ஒரே இருக்கையில் உட்கார்ந்து இரண்டு முறைகளையும் அடுத்தடுத்துப் பார்த்திருக்கிறார்கள் அமெரிக்க ரசிகர்கள்.

பே படங்களிலேயே சண்டை புரியவில்லை. கைகேமரா வேறு வந்தால்?

அதேதான் என் பயமும். முதல் படத்து ஆப்டிமஸ் பிரைமின் கணினி உருவத்தில் 10,108 பாகங்கள் இருந்ததாக கிராஃபிக்ஸ் செய்த இன்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் கணக்குக் கொடுத்தது. அத்தனையும் ஒன்றோடொன்று உரசி மின்னும்போது, நிலையாக நிற்கும் கேமராவிலேயே எது யாருடைய கை என்று தெரியாது. 2018-ல் ‘பம்பிள்பீ’ படத்தை எடுத்த டிராவிஸ் நைட் உருவங்களை எண்பதுகளின் கார்ட்டூன் பக்கம் எளிமையாக்கினார், கேமராவையும் அமைதிப்படுத்தினார். மஞ்சள் வண்டு எங்கே நிற்கிறான், எதிரி எங்கே நிற்கிறான் என்பது பளிச்சென்று தெரிந்தது. ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருந்த திசை அதுதான். ஃபவுண்ட் ஃபுட்டேஜ் நேர் எதிர்த் திசை.

செலவாவது குறையுமா?

இந்தப் பாணிக்குத் தயாரிப்பாளர்கள் ஆசைப்படுவதே அதற்குத்தான். ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ முதல் படம் இயக்குநரின் சொந்த வீட்டிலேயே சுமார் 15,000 டாலரில் எடுக்கப்பட்டது. ஆனால் அங்கே பேய் என்பது தானாக ஆடும் ஒரு கதவு. ரோபோவுக்கு அந்தச் சலுகை கிடையாது. ‘குளோவர்ஃபீல்ட்’ 2.5 கோடி டாலரில் முடிந்தது, முதல் டிரான்ஸ்ஃபார்மர்ஸின் 15 கோடியில் ஆறில் ஒரு பங்கு. மிருகத்தை அவ்வளவு குறைவாகக் காட்டியதும் அதற்கு ஒரு காரணம்.

தவிர, ஆடும் கேமராவில் கிராஃபிக்ஸ் செய்வது எளிது என்று நினைப்பது பெரிய தவறு. கேமராவின் ஒவ்வொரு குலுக்கலையும் கணினிக்குள் அப்படியே பிரதி எடுத்தால்தான் ரோபோ தரையில் நிற்கும், இல்லையென்றால் வழுக்கும். அரைகுறை வேலையை மங்கலில் மறைக்கலாம், உண்மை. ஆனால் மறைக்கவா இவ்வளவு பெரிய ரோபோவைக் கட்டினோம்?

‘டிஸ்ட்ரிக்ட் 9’ படத்தில் ரோபோ கவசம் வருமே, அதுவும் ஆவணப்பட பாணிதானே?

நல்ல கேள்வி. இந்தப் பக்கத்துக்கே அதுதான் சரியான உதாரணம்.

2009-ல் நீல் ப்ளோம்காம்ப் எடுத்த படம், சுமார் 3 கோடி டாலர் செலவு, ஜோஹன்னஸ்பர்கில் நடக்கிறது. நகரத்துக்கு மேலே ஒரு விண்கலம் வந்து நின்றுவிட்டது. அதிலிருந்து இறங்கியவர்களைக் குடிசைப் பகுதியில் அடைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் முழுக்க ஆவணப்படம்: அலுவலகத்துக் கேமரா, நிபுணர் நேர்காணல், டிவி செய்தி, சிசிடிவி. கதாநாயகன் விக்கஸ் கேமராவைப் பார்த்து அசடு வழியச் சிரித்துக்கொண்டே வீடு வீடாக வெளியேற்ற உத்தரவு கொடுக்கிறான். அந்தச் சிரிப்பு வேறு எந்தப் பாணியிலும் கிடைக்காது.

பிறகு அவனுக்கு நோய் தொற்றுகிறது, தனியாக ஓடுகிறான். அப்போது அவன் பின்னால் எந்தக் கேமராக்காரனும் இல்லை. படம் என்ன செய்கிறது? சத்தமே இல்லாமல் சாதாரணப் படமாக மாறிவிடுகிறது. யாரும் அறிவிக்கவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. கடைசியில் அவன் வேற்றுக்கிரக இயந்திரக் கவசத்துக்குள் ஏறி உட்கார்ந்து சண்டை போடும்போது நாம் அவன் முகத்தைப் பார்க்கிறோம், கவசத்தை வெளியிலிருந்தும் பார்க்கிறோம். ஆவணப்படக் கேமராவை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த இரண்டில் ஒன்று போயிருக்கும். எங்கே கைவிட வேண்டும் என்று தெரிந்த இயக்குநர்.

ஜப்பானியர்கள் என்ன செய்தார்கள்?

அவர்கள் கேமராவைப் பாணியாக எடுத்துக்கொள்ளவில்லை, சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். மாமோரு ஓஷியின் ‘பாட்லேபர் 2’ (1993) படத்தில் யோகோஹாமா பே பாலம் தகர்க்கப்படுகிறது. அதன் வீடியோ டேப்பை ஓர் அறையில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். தெளிவில்லாத ஒரு விமான உருவத்தை வைத்துக்கொண்டு நாடே ராணுவ நெருக்கடிக்குள் சறுக்குகிறது. ரோபோ தொடரின் படம்தான், ஆனால் ரோபோ சண்டையைவிட அந்த டேப் அதிகம் பயமுறுத்தும்.

கண்டம் தொடரில் ‘எம்எஸ் இக்லூ’ (2004) ஒரு பரிசோதனைப் பிரிவின் தொழில்நுட்ப அதிகாரி எழுதும் அறிக்கைகளாக நகரும். ‘எவாஞ்சலியன்’ என்ற ராட்சத ரோபோத் தொடரைப் படைத்த ஹிதேயாகி அன்னோ, ‘ஷின் காட்ஸில்லா’ (2016) படத்தை டோக்கியோ விரிகுடாவில் ஆளில்லாமல் மிதக்கும் படகுக்குள் கடலோரக் காவல் படையினர் கேமராவோடு ஏறுவதிலிருந்து தொடங்குவார். சில நிமிடங்கள்தான். அதற்குப் பிறகு படம் அதிகாரிகளின் கூட்ட அறைக்குள் போய்விடும்.

ஒரு தொடர் முழுக்க இப்படியே எடுக்க முடியாதா?

வரலாறு ஒத்துழைக்கவில்லை. ‘குளோவர்ஃபீல்ட்’ பெயரிலேயே வந்த அடுத்த இரண்டு படங்கள் (2016, 2018) கைகேமராவைக் கைவிட்டன. பிளேர் விட்சின் இரண்டாம் படம் 2000-ல் வழக்கமான பாணிக்குப் போய்த் திட்டு வாங்கியது; 2016-ல் மறுபடி பழைய பாணிக்கே வந்தார்கள், அப்போது காலம் கடந்திருந்தது. ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ மட்டும் நீடித்தது. அதற்கு ஒரு வீடும் ஓர் இரவும் போதும் என்பதால் நீடித்தது.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2014-ல் கேரத் எட்வர்ட்ஸ் காட்ஸில்லாவை டிவித் திரைகளிலும் மூடும் கதவுகளுக்குப் பின்னாலும் ஒளித்து ஒளித்துக் காட்டினார். எனக்கு அது பிடித்தது. ஆனால் “எங்கப்பா காட்ஸில்லா?” என்ற குரல்தான் பெரிதாகக் கேட்டது. அதே தொடர் 2021-ல் மெக்காகாட்ஸில்லாவை, அதாவது அசல் ராட்சத ரோபோவை, ஹாங்காங் நடுவே ஒளிவுமறைவே இல்லாமல் நிற்கவைத்துச் சண்டை போடவிட்டது. தொடர் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தெரிகிறதல்லவா?

தலைசுற்றல்?

‘குளோவர்ஃபீல்ட்’ ஓடியபோது சில தியேட்டர்கள் வாசலிலேயே எச்சரிக்கை ஒட்டின. அந்தப் படம் 85 நிமிடம்தான். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படங்கள் இரண்டு மணி நேரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். பாப்கார்னைப் பார்த்து வாங்கவும்.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுக்கும் வீடியோ மாதிரி எடுத்தால்?

விளையாட்டாகக் கேட்கிறார்கள், ஆனால் இதில் விஷயம் இருக்கிறது. நிற்கும் ரோபோ நெட்டைச் செவ்வகம். அதற்கு 9:16 (அகலம் 9, உயரம் 16) கச்சிதமாகப் பொருந்தும். ‘பசிஃபிக் ரிம்’ படமே அகலத்திரை அளவை விட்டுவிட்டு, உயரம் கிடைக்கும் 1.85:1 அளவில் எடுக்கப்பட்டதுதான். தியேட்டரில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வைத்து முழுப் படமும் பார்க்க முடியாது. ஒரு காட்சிக்குத் தாராளமாகச் செய்யலாம்.

ரோபோவே கேமராவாக இருந்தால்?

எல்லோரும் தெருவிலேயே கேமராவைத் தேடுகிறார்கள். ரோபோவின் தலைக்குள்தான் கண் இருக்கிறதே!

விமானத்தின் கறுப்புப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். விமானிகள் பேசுவதைப் பதியும் கருவி பழைய விமானங்களில் கடைசி 30 நிமிடத்தையும், பிறகு வந்தவற்றில் கடைசி 2 மணி நேரத்தையும் வைத்துக்கொள்ளும். அதற்கு முந்தையது அழிந்து அதன் மேலேயே பதியும். 2 மணி நேரம் என்பது ஒரு படத்தின் நீளம். கடலடியில் கிடக்கும் ரோபோவிலிருந்து அப்படி ஒரு பெட்டியை எடுக்கிறார்கள் என்று வையுங்கள். யார் படம் பிடித்தது, ஏன் நிறுத்தவில்லை என்ற கேள்விகளே எழாது, ஏனென்றால் அதை நிறுத்த முடியாது. ஓட்டியவர் நாயகன், அவர் குரல் நம்மோடு இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்றால் இன்னும் வசதி: அவை பாதி நேரம் கார்கள், டேஷ்கேமும் ரிவர்ஸ் கேமராவும் கூடவே வந்துவிடும்.

ஒரே இடைஞ்சல், ரோபோ கேமராவானால் ரோபோவை நாம் பார்க்க முடியாது. கை தெரியும், கண்ணாடிக் கட்டடத்தில் பிரதிபலிப்பு தெரியும், அவ்வளவுதான். அதனால் இரண்டு ரோபோக்கள் வேண்டும், இரண்டு பெட்டிகள் வேண்டும். ஒன்றின் பதிவில் மற்றது தெரியும். இரண்டும் ஒரே நிகழ்ச்சியை வேறுவேறாகச் சொன்னால் கதையும் கிடைத்துவிட்டது.

ஒரே ஒரு கிளைப்படம் எடுத்தே தீருவேன் என்றால் எதை எடுக்கலாம்?

செத்துக் கிடக்கும் ரோபோவை எடுங்கள். சண்டை முடிந்த மறுநாள். துறைமுகத்தில் குப்புற விழுந்து கிடக்கும் 80 மீட்டர் இரும்பை வெட்டி அகற்ற ஒரு கான்ட்ராக்ட் குழு வருகிறது. இன்சூரன்ஸுக்காக ஒவ்வொரு வெட்டையும் வீடியோ எடுப்பது அவர்கள் வேலை. ஆக கேமரா நியாயமானது. தொப்பியில் கேமரா, இடுப்பில் கயிறு, முழங்கால் மூட்டு வழியாக உள்ளே நுழைகிறார்கள். இப்போது ரோபோ ஒரு வீடு: குறுகல், இருட்டு, எண்ணெய்க் கசிவு, எங்கோ உள்ளே ஒரு பம்ப் இன்னும் ஓடும் சத்தம். அது ஓடவே கூடாது. ஃபவுண்ட் ஃபுட்டேஜுக்குக் கைவந்த கலை இந்தச் சூழல்தான். வெளியே எழுந்து நிற்கும் காட்சி கடைசியில் ஒரே ஒரு முறை, கரையில் நிற்கும் கிரேன் ஆபரேட்டரின் போனில். சத்தம் மூன்று நொடி தாமதமாக.

இதையெல்லாம் எந்தப் படத்திலிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

நேரம் குறைவென்றால் ஸ்பீல்பெர்க்கின் ‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ (2005) படத்தில் முதல் மூன்றுகால் இயந்திரம் தரையைப் பிளந்துகொண்டு எழும் காட்சியை மட்டும் பாருங்கள். கீழே விழுந்து கிடக்கும் ஒரு ஹேண்டிகேமின் சின்னத் திரையில், ஓடுகிறவர்கள் சாம்பலாவது தெரியும். சில நொடிகள்தான். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மின்காந்தத் தாக்குதலில் ஊரிலுள்ள எல்லா மின்கருவிகளும் செத்துப்போனதாகக் காட்டியிருப்பார்கள், இந்த ஹேண்டிகேம் மட்டும் எப்படி ஓடுகிறது என்று கேட்காதீர்கள், ஸ்பீல்பெர்க்கும் கேட்டுக்கொள்ளவில்லை.

முழுப் படம் வேண்டுமென்றால் ‘டிஸ்ட்ரிக்ட் 9’, பிறகு ‘ட்ரோல்ஹன்டர்’. பொறுமை உள்ளவர்களுக்கு ‘பாட்லேபர் 2’. மெதுவாகத்தான் போகும், இரவு பதினொரு மணிக்கு மேல் போட வேண்டாம். ‘டிஸ்ட்ரிக்ட் 9’ குழந்தைகளோடு பார்க்கும் படம் அல்ல. அவர்களுக்கு ‘பம்பிள்பீ’ போட்டுவிடுங்கள்.